அல்டிமா 4: இன்று எந்தப் பதிப்பில் ஆடுவது?

‘அல்டிமா 4: குவெஸ்ட் ஆஃப் தி அவதார்’ என்ற கணினி விளையாட்டு 1985-ஆம் ஆண்டு ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. பிறகு அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்த ஏறக்குறைய எல்லாக் கணினிகளுக்கும், இரண்டு கன்சோல்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அதனால் இன்று அதை ஆட நினைப்பவருக்கு முதல் குழப்பமே எந்தப் பதிப்பை எடுப்பது என்பதுதான். பழைய ஐ.பி.எம். வகைக் கணினிகளுக்காக வந்து, இன்று இலவசமாகக் கிடைக்கும் டாஸ் பதிப்பு இருக்கிறது. அதற்கு ரசிகர்கள் செய்த மேம்பாடு இருக்கிறது. ரசிகர்களே புதிதாக எழுதிய எக்ஸ்.யு.4 என்ற இயங்குநிரல் இருக்கிறது. இசைக்காகப் பலர் விரும்பும் கமடோர் 64, ஆப்பிள் 2 பதிப்புகள் உண்டு. நின்டெண்டோ, சேகா கன்சோல் பதிப்புகளும் உண்டு. எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான், நாடும் ஒன்றுதான். ஆடும் அனுபவம் மட்டும் ஒன்றல்ல.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல்முறை ஆடுகிறவர் டாஸ் பதிப்பை எடுக்க வேண்டும். அதையும் முடிந்தால் எக்ஸ்.யு.4 வழியாகவோ ரசிகர் மேம்பாட்டோடோ ஆட வேண்டும். படம் அழகாக இருக்கிறதா, இசை நன்றாக இருக்கிறதா என்பதை வைத்துப் பதிப்பைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்த விளையாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைத் தவறவிடுகிறார்கள். அந்த உயிர் எது என்று சொன்னால்தான் ஒப்பீட்டுக்கே பொருள் வரும்.

எதைக் காப்பாற்ற வேண்டும்?

இந்த விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட்டுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. விண்வெளி வீரர் ஓவன் கேரியட்டின் மகன். முதல் இரண்டு அல்டிமா விளையாட்டுகளும் பிற நிறுவனங்கள் மூலம் வெளிவந்தன. மூன்றாவதை 1983-இல் தன் அண்ணன் ராபர்ட் முதலியோரோடு தொடங்கிய ஆரிஜின் சிஸ்டம்ஸ் மூலம் வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் ஆட்டக்காரர்களின் கடிதங்கள் நேராக அவர் கைக்கு வரத் தொடங்கின. படித்துப் பார்த்தால், மக்கள் ஊர்க்காரர்களைக் கொன்றும் கடைகளில் திருடியும் வெற்றி பெற்றுக்கொண்டிருந்தார்கள். விளையாட்டும் அதற்கு இடம் கொடுத்தது. உலகைக் காக்க வந்த வீரனுக்குக் கொள்ளைதான் குறுக்கு வழியாக இருந்தது. இத்தகைய விளையாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று அமெரிக்காவில் மதப்பற்றுள்ள பெற்றோர் பலர் கொதித்துக்கொண்டிருந்த காலம் வேறு. அப்படிப்பட்ட கடிதங்களும் அவருக்கு வந்தன.

அதற்கு அவர் கொடுத்த பதில்தான் நான்காவது அல்டிமா. இதில் கொல்ல வேண்டிய அரக்கன் யாரும் இல்லை. நாட்டில் போர் ஓய்ந்துவிட்டது. மன்னர் லார்ட் பிரிட்டிஷ் மக்களுக்கு வாழ்ந்து காட்டும் ஒருவரைத் தேடுகிறார். நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுப் பண்புகளிலும் தேறி, பிறகு பாதாளத்தில் இறங்கி, பேரறிவின் நூலைப் படிக்க வேண்டும். இந்து சமய அவதாரங்கள் பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்ததும் இந்த எண்ணத்துக்கு ஒரு தூண்டுதல் என்று கேரியட் சொல்லியிருக்கிறார். உண்மை, அன்பு, துணிவு என்ற மூன்று அடிப்படைகளை விதவிதமாகச் சேர்த்துத்தான் அவர் எட்டுப் பண்புகளை அமைத்தார்.

இது ஒரு நல்லெண்ணமாக மட்டும் நின்றிருந்தால் இன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். கேரியட் அதை இயந்திரமாக்கினார். நாம் செய்வதையெல்லாம் விளையாட்டு சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டே இருக்கிறது. மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் அவள் நன்றி சொல்லிப் பொருளைக் கொடுத்துவிடுவாள். எச்சரிக்கையோ தண்டனையோ கிடையாது. ஆனால் உள்ளே நேர்மைக் கணக்கு இறங்கிவிடும். தீய பிராணிகளோடு நடக்கும் சண்டையிலிருந்து ஓடினால் வீரம் குறையும். பாம்பு, சிலந்தி போன்றவை தீயவை அல்ல. அவை ஓடினால் விட்டுவிட வேண்டும். மருத்துவமனையில் ரத்தம் தர முடியுமா என்று கேட்பார்கள். கொடுத்தால் உடல் பலம் குறையும், தியாகம் ஏறும். பேச்சுவாக்கில் ஒருவர் கேட்கும் கேள்விக்குத் தற்பெருமையாகப் பதில் சொன்னால் பணிவு போய்விடும்.

இந்த எண்கள் எதுவும் திரையில் தெரியாது. எப்படி முன்னேறுகிறோம் என்று அறிய, அரண்மனையில் இருக்கும் ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் போய்க் கேட்க வேண்டும். அவரும் சொற்களில்தான் சொல்வார்.

இதில் ஒரு குறையும் உண்டு. விளையாட்டு செயலை எண்ணுகிறதே தவிர நோக்கத்தை அல்ல. பிச்சைக்காரருக்கு ஒவ்வொரு காசாகப் பலமுறை போட்டுக் கருணையை ஏற்றிக்கொள்ள முடியும். தெரிந்த பிறகு அப்படிச் செய்யத் தோன்றும். அதனால்தான் முதல்முறை ஆடும்போது அந்தக் கணக்குகளைப் படித்துவிடாமல் இருப்பது இவ்வளவு முக்கியம். வழிகாட்டி பற்றிப் பின்னால் வருகிறேன்.

இரண்டாவது உயிர்நாடி, பேச்சு. ஊரில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் பெயர், தொழில், நலம் என்று கேட்கலாம். அவர்கள் சொல்லும் பதிலில் ஒரு சொல் கண்ணில் உறுத்தும். அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தால் அடுத்த செய்தி வரும். ஒவ்வொருவருக்கும் இப்படி இரண்டு சொற்கள்தான் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சொல்லின் முதல் நான்கு எழுத்தை மட்டும் விளையாட்டு பார்க்கிறது. நுட்பமாகப் பார்த்தால் மிக எளிய ஏற்பாடு. ஆனால் கேள்வியை யோசித்துக் கேட்பது நாம். ஓர் ஊரில் ஒருவர் சொன்ன பெயரை இன்னோர் ஊரில் ஒருவரிடம் கேட்டு, அங்கிருந்து ஒரு தீவுக்கு, அங்கிருந்து ஒரு மந்திரச் சொல்லுக்கு என்று நூல் பிடித்துப் போகிறோம். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தால் இந்தத் தேடல் முழுவதும் கரைந்துவிடும்.

ஆகவே ஒரு பதிப்பை எடைபோட எனக்கு இருக்கும் அளவுகோல்கள் இரண்டு. பேச்சு தட்டச்சாகவே இருக்கிறதா? நம் நடத்தையைச் சத்தமில்லாமல் கவனிக்கும் அந்தக் கண் மங்காமல் இருக்கிறதா? மற்றவை அதற்குப் பிறகு.

டாஸ் பதிப்பு

1987-இல் வந்த ஐ.பி.எம். கணினிப் பதிப்பு இது. விளையாட்டுகளை விற்கும் ஜி.ஓ.ஜி. இணையதளத்தில் 2011 முதல் இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கிறது. கணக்குத் தொடங்கி இறக்கிக்கொண்டால் பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளோடு சேர்ந்தே வரும். தனியாக எதையும் அமைக்க வேண்டியதில்லை. கையேடுகளும் வரைபடமும் மின்கோப்புகளாக உடன் வருகின்றன. இது சின்ன விஷயம் அல்ல. இந்த விளையாட்டின் பாதி அந்தக் கையேடுகளில்தான் இருக்கிறது.

படம் பதினாறு வண்ண இ.ஜி.ஏ. முறை. அந்தக் காலத்து ஆப்பிள் 2 திரையோடு வைத்துப் பார்த்தால் தெளிவாகவே இருக்கிறது. கடல், காடு, சதுப்பு நிலம், மலை எல்லாம் ஒரே பார்வையில் பிரிந்து தெரியும். நாடு 256-க்கு 256 கட்டங்கள் கொண்டது. மூன்றாவது அல்டிமாவின் நாடு 64-க்கு 64 என்பதால், பரப்பில் இது பதினாறு மடங்கு. சின்னச் சின்னக் கட்டங்களாக அந்தப் பரப்பு விரிவதைப் பார்க்கும்போது, படத்தில் இல்லாததைக் கற்பனை தானாகவே நிரப்பிக்கொள்கிறது.

விசைப்பலகைதான் இந்தப் பதிப்பின் பலம். ஏ விசை தாக்குவதற்கு, பி கப்பலிலோ குதிரையிலோ ஏறுவதற்கு, எம் மூலிகை கலப்பதற்கு, டி (T) பேசுவதற்கு. ஏறக்குறைய எல்லா எழுத்துக்கும் ஒரு கட்டளை இருக்கிறது. சில எழுத்துகளுக்குக் கட்டளை பொருந்தாததால் ஆங்கில எழுத்துக்கூட்டலையே கேரியட் வளைத்திருக்கிறார். மேலே ஏறுவதற்குக் கே, நிலவரம் பார்ப்பதற்கு இசட். முதல் அரைமணி நேரம் கையேட்டைப் பார்த்துக்கொண்டே ஆட வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு விரல்கள் தாமாக ஓடும்.

பெரிய குறை, இசை இல்லை. மூலப் பதிப்பில் கென்னத் ஆர்னால்டு அமைத்த இசை அருமையானது. ஊருக்கு ஒன்று, அரண்மனைக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. டாஸ் பதிப்பில் அது எதுவும் வரவில்லை. ஒலி என்றால் கணினியின் உள் ஒலிபெருக்கி எழுப்பும் சத்தம்தான். நீண்ட கடற்பயணங்களில் அந்த வெறுமை தெரியும்.

இன்னொரு சிறு தொல்லை வேகம். இன்றைய கணினியில் சில நேரம் ஓட்டம் தாறுமாறாக இருக்கும். டாஸ்பாக்ஸில் கண்ட்ரோல் விசையோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். ஓரிரு முறை மாற்றிப் பார்த்து, சண்டையில் கண்ணுக்குப் பிடிபடும் வேகத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

ரசிகர்களின் உழைப்பு: மேம்பாடும் எக்ஸ்.யு.4-உம்

டாஸ் பதிப்பின் குறையைத் தீர்க்க ரசிகர்கள் இரண்டு வழிகளில் உழைத்திருக்கிறார்கள். ஒன்று, மூல நிரலின் மேலேயே வைக்கும் மேம்பாட்டுத் தொகுப்பு. அது படங்களை 256 வண்ணங்களுக்கு மாற்றுகிறது, விட்டுப்போன இசையைத் திரும்பக் கொண்டுவருகிறது. விளையாட்டின் விதிகளில் கை வைப்பதில்லை என்பது அதன் அழகு.

மற்றொன்று எக்ஸ்.யு.4. இது திறந்த மூல நிரல். விளையாட்டின் தரவுக் கோப்புகளை மட்டும் டாஸ் பதிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் புதிதாக எழுதியிருக்கிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இசை உண்டு, பழைய படங்களா புதிய படங்களா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். எனக்கு இதில் மிகவும் பயன்படுவது மூலிகை கலக்கும் வசதி. மூல விளையாட்டில் ஒரு மந்திரத்தை ஒருமுறை சொல்ல, கந்தகச் சாம்பல், ஜின்செங், பூண்டு, சிலந்தி நூல், ரத்தப் பாசி, கருமுத்து போன்றவற்றைத் தேவைக்கேற்ப எடுத்துக் கலந்து முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். இரண்டு மூலிகைகள் கடையிலேயே கிடைக்காது; நிலாக்களின் நிலை பார்த்து, குறிப்பிட்ட இடத்தில் தேடி எடுக்க வேண்டும். அந்தத் தேடல் இனிமையானது. ஆனால் காயத்தை ஆற்றும் ஒரே மந்திரத்தை ஒவ்வொன்றாகக் கலந்துகொண்டே இருப்பது அலுப்பு. எக்ஸ்.யு.4-இல் அடுத்த அல்டிமாவின் முறைப்படி மொத்தமாகக் கலந்துகொள்ளும் தேர்வு இருக்கிறது. வேண்டாம் என்றால் அணைத்துவிட்டு 1985-இன் கஷ்டத்தோடே ஆடலாம்.

இரண்டில் எது? கணினியில் அதிகம் நோண்டாதவர்களுக்கு மேம்பாட்டுத் தொகுப்பு போதும். கோப்புகளை எடுத்து வைப்பது, அமைப்புகளை மாற்றுவது இதெல்லாம் கைவந்தவர்களுக்கு எக்ஸ்.யு.4. பேச்சு இரண்டிலும் தட்டச்சுதான், பண்புக் கணக்கும் மாறாமல் இருக்கிறது. என் அளவுகோல்கள் இரண்டிலும் இவை தேறுகின்றன.

கமடோர் 64, ஆப்பிள் 2

ஆப்பிள் 2 பதிப்புதான் மூலம். கேரியட் எழுதியதை அவர் எழுதிய வடிவிலேயே பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு வேறு வழியில்லை. மாக்கிங்போர்டு என்ற ஒலி அட்டை பொருத்தியிருந்தால்தான் அதில் இசை கேட்கும். பழைய கணினியை இன்றைய கணினிக்குள் போலச் செய்து காட்டும் ஆப்பிள்வின் போன்ற எமுலேட்டர்கள் அந்த அட்டையையும் சேர்த்தே போலச் செய்கின்றன. கமடோர் 64-இல் அந்தக் கணினியின் புகழ்பெற்ற ஒலிச் சில்லு இசையைத் தனி நிறத்தோடு தருகிறது. அரண்மனைக்குள் நுழையும்போது ஒலிக்கும் அந்த மெட்டை அங்கே கேட்டவர்களுக்கு மற்ற பதிப்புகள் எல்லாம் ஒரு படி கீழேதான் தெரியும். அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

தொல்லை, வட்டுகள். ஊருக்குள் போக ஒரு பக்கம், ஊருக்கு வெளியே நடமாட ஒரு பக்கம், சுரங்கத்துக்கு ஒரு பக்கம் என்று பிளாப்பி வட்டைத் திருப்பிப் போட வேண்டிய விளையாட்டு இது. எமுலேட்டரில் அது கோப்பு மாற்றும் வேலையாக மாறுகிறது. ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்குக் காத்திருக்க வேண்டும். எமுலேட்டரின் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம். அதைவிட முக்கியமானது சட்டநிலை. டாஸ் பதிப்பைத்தான் உரிமையாளர்கள் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மற்றப் பதிப்புகளை அல்ல. மூல வட்டுகளைச் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கும், விளையாட்டை ஒருமுறை முடித்துவிட்டு வரலாற்றுக் கண்ணோடு திரும்புகிறவர்களுக்கும் இவை. முதல்முறை ஆடுகிறவர்களுக்கு அல்ல.

அட்டாரி எஸ்.டி., அமிகா பதிப்புகளும் உண்டு. படங்கள் நன்றாக இருக்கும். இன்று அவற்றைத் தேடிப் போக எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

நின்டெண்டோவும் சேகாவும்

நின்டெண்டோ பதிப்பு 1989-இல் ஜப்பானிலும் 1990-இல் அமெரிக்காவிலும் வந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் முதல் பார்வையில் எல்லாரையும் இழுப்பது இதுதான். படங்கள் முழுக்கப் புதியவை, உருண்டு திரண்ட ஜப்பானிய பாணி. இசையும் புதிது. கையில் கன்ட்ரோலர் இருந்தால் போதும், கட்டளைப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை சோபாவில் உட்கார்ந்து தொடங்கிவிடலாம்.

ஆனால் என் முதல் அளவுகோலில் இது விழுந்துவிடுகிறது. தட்டச்சு செய்து கேட்கும் பேச்சு இங்கே வெகுவாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. ஊர்க்காரரிடம் போனால் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். கேட்டுக்கொண்டு நகர வேண்டியதுதான். நாமாக யோசித்துக் கேட்டுக் கண்டுபிடித்தோம் என்ற மகிழ்ச்சி போய்விடுகிறது. மூல விளையாட்டில் நாட்டின் ரகசியங்கள் மக்களின் வாயில் சிதறிக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி எடுப்பதுதான் ஆட்டம். இங்கே அவற்றைக் கூடையில் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்த இழப்பு கூட்டாளிகள். எட்டுப் பண்புகளுக்கு எட்டு ஊர்கள், எட்டுத் தொழில்கள், எட்டு மனிதர்கள் என்று மூல விளையாட்டு கட்டப்பட்டிருக்கிறது. கருணைக்குப் பாணர் ஐயோலோ, மானத்துக்கு வீரர் டுப்ரே, ஆன்மிகத்துக்குக் காட்டுக் காவலர் ஷமீனோ, பணிவுக்கு ஆடு மேய்க்கும் கத்ரீனா. நாம் எந்தப் பண்பின் பிரதிநிதியோ அது போக மற்ற ஏழு பேரையும் ஊர் ஊராகப் போய்ச் சேர்க்க வேண்டும். நின்டெண்டோவில் ஒரே நேரத்தில் நால்வர்தான் நடக்க முடியும். மீதிப் பேரை விட்டுவிட்டு, தேவைப்படும்போது மாற்றிக்கொள்ள வேண்டும். எட்டுப் பேரோடு போடும் சண்டைகள் நீண்டு அலுப்பூட்டும் என்பது உண்மைதான்; அந்த வகையில் நால்வர் என்பது வசதி. இருந்தாலும் தனியாகத் தொடங்கி, ஒவ்வொருவராகச் சேர்ந்து, இறுதியில் எட்டுப் பேராகப் பாதாளத்தின் வாசலில் நிற்பதுதான் இந்தக் கதையின் வடிவம். அதை இழக்க எனக்கு மனமில்லை.

சுரங்கங்களும் மாறியிருக்கின்றன. கணினிப் பதிப்புகளில் சுரங்கத்துக்குள் இறங்கினால் பார்வை முதல் நபர் பார்வையாகும், அதாவது நம் கண்ணால் நேரே பார்ப்பது போல. இருட்டான வழி, தீப்பந்தம், முன்னால் இருப்பது சுவரா கதவா என்ற தயக்கம். அறைக்குள் நுழைந்தால் மேலிருந்து பார்க்கும் சண்டைக்களமாக மாறும். நின்டெண்டோவில் முழுக்கவே மேலிருந்து பார்க்கும் பார்வைதான். எளிது, பயம் போய்விட்டது.

சேகா மாஸ்டர் சிஸ்டம் பதிப்பு 1990-இல் ஐரோப்பாவில் வந்தது. இரண்டு கன்சோல்களில் இதுவே மூலத்துக்கு நெருக்கமானது. படங்கள் கணினிப் பதிப்பின் சாயலிலேயே இருக்கின்றன. சுரங்கத்தின் முதல் நபர் பார்வை இங்கேயும் இல்லை. கன்சோலில்தான் ஆடுவேன் என்று பிடிவாதம் உள்ளவருக்கு நின்டெண்டோவைவிட இதையே சொல்வேன்.

இனி ஆட முடியாத பதிப்பு

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1992-இல் ஆரிஜினை வாங்கியது. அந்த நிறுவனம் 2013-இல் ‘அல்டிமா ஃபாரெவர்: குவெஸ்ட் ஃபார் தி அவதார்’ என்ற பெயரில் நான்காவது அல்டிமாவைத் தழுவி ஐபோன், ஐபேட் கருவிகளுக்கு ஒரு விளையாட்டை வெளியிட்டது. புதுப் படங்கள், இணையவழிக் கூட்டு ஆட்டம், உள்ளே பணம் கட்டி வாங்கும் சாவிகள். அடுத்த ஆண்டே சர்வரை நிறுத்தினார்கள். விளையாட்டும் அதோடு போனது. 1985-இன் விளையாட்டு இன்றும் ஓடுகிறது, 2013-இன் விளையாட்டை யாராலும் தொட முடியவில்லை. இணையம் இல்லாமலும் இயங்கும் பதிப்பை நம் கணினியில் இறக்கி வைத்துக்கொள்வதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

வழிகாட்டியோடா, இல்லாமலா?

பதிப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு வரும் இந்தக் கேள்வி, பதிப்புத் தேர்வைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் படிப்படியான வழிகாட்டிகள் ஏராளம். எல்லா மந்திரச் சொற்களும், எல்லாப் பொருள்களின் இடங்களும், கடைசிக் கேள்வியின் விடையும் அவற்றில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து ஆடினால் விளையாட்டு சில மாலைகளில் முடிந்துவிடும். பார்க்காமல் ஆடினால் மாதக்கணக்கில் போகலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதையே சொல்வேன். கையேடுகள் இரண்டையும் முழுமையாகப் படியுங்கள். ஒன்று கதை நடக்கும் பிரிட்டானியா நாட்டின் வரலாறு, மற்றொன்று மந்திர நூல். இவை அலங்காரம் அல்ல. மந்திரங்களை எப்படிக் கலப்பது, எந்த ஊர் எந்தப் பண்புக்கு உரியது என்பதெல்லாம் இவற்றில்தான் இருக்கிறது. பெட்டியில் இவற்றோடு துணியில் அச்சிட்ட வரைபடமும் உலோகத்தால் செய்த ஆங்க் என்ற, தலையில் வளையம் உள்ள சிலுவைச் சின்னமும் வந்தன. வரைபடத்தில் ஊர்ப் பெயர்கள் பழைய ரூன் எழுத்துகளில் இருக்கும்; அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதும் ஆட்டத்தில் ஒரு பகுதி. வரைபடத்தைத் தாளில் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வது மிகவும் உதவும்.

வழிகாட்டியை இரண்டே இடங்களில் அனுமதிக்கலாம். ஒன்று, சுரங்க வரைபடங்கள். எட்டு அடுக்குச் சுரங்கங்களைக் கையால் வரைய எல்லாருக்கும் பொறுமை இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. இரண்டு, எங்கோ ஒரு தீவில் ஒருவரைப் பார்க்காமல் விட்டுவிட்டு நகரவே முடியாமல் நிற்கும்போது, அந்த ஒரு குறிப்பை மட்டும். பண்புகள் எப்படி ஏறி இறங்குகின்றன என்ற எண்பட்டியலை மட்டும் தொடவே வேண்டாம். அது தெரிந்துவிட்டால் பிச்சைக்காரர் பிச்சைக்காரராகத் தெரிய மாட்டார், மதிப்பெண்ணாகத்தான் தெரிவார்.

தொடங்கும்போது

விளையாட்டு ஒரு நாடோடிப் பெண்ணின் வண்டியில் தொடங்குகிறது. அவள் இரண்டிரண்டு சீட்டுகளாக வைத்து ஏழு கேள்விகள் கேட்பாள். ஒவ்வொன்றும் இரண்டு நல்ல பண்புகளுக்கு நடுவில் நம்மை நிறுத்தும். உண்மை சொல்வதா, இரக்கம் காட்டுவதா என்பது போல. கடைசியில் மிஞ்சும் பண்புதான் நம் தொழிலையும் தொடங்கும் இடத்தையும் தீர்மானிக்கிறது. நேர்மை என்றால் மந்திரவாதி, வீரம் என்றால் போர்வீரர், நீதி என்றால் ட்ரூயிட் (பழங்காலக் கெல்டியப் பூசாரி), தியாகம் என்றால் கைவினைஞர்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: மனதில் பட்டபடி பதில் சொல்வதா, அல்லது வசதியான தொழில் கிடைக்கும்படி சொல்வதா? பணிவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் ஆடு மேய்ப்பவராகத் தொடங்குவோம். மந்திரம் வராது, ஆயுதப் பயிற்சியும் குறைவு. எட்டுத் தொழில்களில் மிகக் கடினமானது அதுதான். அதற்கு உரிய ஊரான மஜின்சியா வேறு தற்பெருமையால் அழிந்து, பேய்கள் உலவும் இடிபாடாகக் கிடக்கிறது. அப்படிக் கிடைத்தாலும் மனதில் பட்டபடியே பதில் சொல்லுங்கள் என்பேன். இந்த வகை விளையாட்டுகளில் வேறெங்கும் நம்மைப் பற்றி இவ்வளவு நேராகக் கேட்கும் தொடக்கத்தை நான் பார்த்ததில்லை. வேறு ஒன்றாக நடித்துக்கொண்டு உள்ளே போவதில் சுகமில்லை.

உள்ளே போனதும் முதலில் லார்ட் பிரிட்டிஷின் அரண்மனையைத் தேடுங்கள். கால்நடையாகப் போக முடியாத இடத்தில் தொடங்கினால் நிலா வாசல்களைப் பயன்படுத்துங்கள். வானில் இரண்டு நிலாக்கள். ஒன்று எந்த வாசல் திறக்கும் என்பதையும், மற்றது அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் தீர்மானிக்கிறது. திரையின் மேலே இரண்டின் நிலையும் தெரியும். சில பயணங்களுக்குப் பிறகு பேருந்து கால அட்டவணையைப் போல அது கைக்குள் வந்துவிடும். அரண்மனையில் மன்னரிடம் எல்லாவற்றையும் கேளுங்கள். நலமாக இல்லை என்றால் குணப்படுத்துவார், அனுபவம் சேர்ந்திருந்தால் உங்களை அடுத்த நிலைக்கு உயர்த்துவதும் அவர்தான். அடிக்கடி வந்து போக வேண்டிய இடம் அது.

பக்கத்தில் ஒரு நோட்டு அவசியம். ஊர் வாரியாகப் பக்கம் ஒதுக்கி, ஒவ்வொருவர் பெயரையும் அவர் சொன்ன புதுச் சொல்லையும் எழுதி வையுங்கள். ஓர் ஊரில் கேட்டது மூன்று வாரம் கழித்து இன்னோர் ஊரில்தான் பயன்படும். விளையாட்டு உங்களுக்காக எதையும் குறித்து வைக்காது.

இன்னும் ஒன்று, டாஸ் வழியில் போகிறவர்களுக்கு மட்டும். 1988-இல் வந்த அல்டிமா 5 விளையாட்டு, நான்காவதில் நீங்கள் வளர்த்த பாத்திரத்தை எடுத்துக்கொள்ளும் வசதியோடு வந்தது. அங்கே லார்ட் பிரிட்டிஷ் காணாமல் போயிருப்பார். அவர் இடத்தில் ஆளும் பிளாக்தார்ன் இதே எட்டுப் பண்புகளைச் சட்டமாக்கி, மீறுகிறவர்களைத் தண்டித்துக்கொண்டிருப்பார். இங்கே மனதார ஏற்று நடந்த ஒவ்வொன்றும் அங்கே கட்டளையாகத் திரும்பி வரும்போது ஏற்படும் அதிர்ச்சி, நான்காவதை முடித்துவிட்டுப் போகிறவருக்கே முழுமையாகக் கிடைக்கும். எக்ஸ்.யு.4-உம் டாஸ் பதிப்பின் சேமிப்புக் கோப்பு வடிவத்தையே பயன்படுத்துகிறது. ஆகவே பாதாளத்துக்குள் இறங்கும் முன் அந்தக் கோப்பின் நகலொன்றை வேறோர் இடத்தில் பத்திரமாக வையுங்கள்.